வாயை மூடிக் கேட்பவரா, கேள்வி கேட்டுக் கேட்பவரா?

தமிழில் காது கொடுப்பதும் கேட்பதுதான், வினவுவதும் கேட்பதுதான். ஆனால் 'நன்றாகக் கேட்கத் தெரிந்தவர்' என்றால் நம் மனதில் வருவது, குறுக்கே பேசாமல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் மட்டும்தான். நடுவில் கேள்வி போடுகிறவரைத் தொணதொணப்பு என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்த இரண்டு ரகத்திடமும் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

(உடனே தீர்வு சொல்கிறவரைப் போட்டியில் சேர்க்கவில்லை. அவர் கேட்பதே இல்லை.)

மௌனக்காரர் பக்கம் வலுவான சாட்சி ஒன்று உண்டு. 1984-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, 74 மருத்துவச் சந்திப்புகளின் பதிவுகளை அலசியது. நோயாளி தன் குறையைச் சொல்ல ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். "எத்தனை நாளாக வலி?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பிறகு பேச்சு வலியை மட்டுமே சுற்றும். தயங்கித் தயங்கி மூன்றாவதாகச் சொல்ல வைத்திருந்த விஷயம் தொண்டையிலேயே நின்றுவிடும்.

சரி, வாயை மூடிக்கொண்டால் போதுமா? என் பழைய மேலாளர் ஒருவர், யார் போனாலும் மடிக்கணினியை மூடிவிட்டுத்தான் பேசச் சொல்வார். இருபது நிமிடம் நான் வேலைப் பளுவைக் கொட்டியபோதும் "ம்... ம்..." என்று பொறுமையாகக் கேட்டார். மனசு லேசாகி வெளியே வந்தேன். அடுத்த வாரம் இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. நான் சொன்னதில் எது அவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை தெரியாது.

அடுத்து வந்தவர் பாதியில் நிறுத்தினார். "இருங்க, தேதி நெருக்குதா, இல்ல கூட ஆள் இல்லாததா?" எரிச்சலாகத்தான் இருந்தது. பதில் சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது, சிக்கல் தேதியில்லை என்று.

தலைமையில் இருப்பவருக்கு இந்த எதிர்க்கேள்வி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு, 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் நடந்த விபத்தைப் பார்க்கலாம். மூடுபனியில் ஒரு விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்துவிட்டது. எதிர் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் சந்தேகம் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். பேச்சு அத்துடன் முடிந்தது. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். கேள்வி அவர் காதில் விழாமல் இல்லை. 'ஏன் உனக்கு அப்படித் தோன்றுகிறது?' என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்கவில்லை. இளையவர் தயங்காமல் சொல்லவும் மூத்தவர் காதுகொடுக்கவும் விமானிகளுக்கு இன்று தனியாகப் பயிற்சி தருவதற்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

ஆகவே அலுவலகத்தில் என் ஓட்டு கேள்விக்காரருக்கு. ஆனால் முதல் இரண்டு நிமிடம் அவர் வாயைத் திறக்கக் கூடாது.

வீட்டில் கணக்கு வேறு. அங்கே "ஏன் அப்படிப் பண்ணினாய்?" என்பது விசாரணையாகிவிடும், "அப்புறம் என்ன ஆச்சு?" என்றால் கதை தானாக நீளும். மௌனக்காரர் ஜெயிக்கும் இடம் வீடுதான், நேரில் இருக்கும்வரை. தொலைபேசியில் அரை நிமிடம் 'ம்' கொட்டாமல் இருந்து பாருங்கள், "லைன்ல இருக்கியா?" என்று கேட்டுவிடுவார்கள்.