பெங்களூர் டிராஃபிக்கில் சிந்தெடிக் ஆயில்: எத்தனை கிலோமீட்டர் நம்பலாம்?

முழு சிந்தெடிக் இன்ஜின் ஆயில் போட்டால் 15,000 கி.மீ. வரை ஆயில் பக்கமே போக வேண்டாம் என்று கடைக்காரரும் சொல்வார், ஆபீஸ் நண்பரும் சொல்வார். நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டிக்கு, தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால், அது சரியாக இருக்கலாம். மாரத்தஹள்ளியில் கிளம்பி சில்க் போர்டு வழியாக எலெக்ட்ரானிக் சிட்டி போய் வருகிற வண்டிக்குச் சரிவராது. என்னுடைய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்கில் மினரல் (கச்சா எண்ணெயிலிருந்து வரும் சாதாரண ஆயில்), செமி சிந்தெடிக் (இரண்டும் கலந்தது), முழு சிந்தெடிக் மூன்றையும் பல வருடங்கள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஆயில் தேய்வதை ஓடோமீட்டரில் பார்க்கக் கூடாது, இன்ஜின் ஓடிய மணி நேரத்தில் பார்க்க வேண்டும். அவுட்டர் ரிங் ரோடு நெரிசலில் சராசரி வேகம் 15 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 கி.மீ. ஓடி முடிக்க இன்ஜின் சுமார் 667 மணி நேரம் ஓடியிருக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக சராசரி 60-ல் சேலம் போகிறவருக்கு அதே 10,000 கி.மீ.க்கு 167 மணி நேரம்தான் ஆகும். ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசம்! கிலோமீட்டரை மட்டும் பார்க்கிற சர்வீஸ் ஸ்டிக்கருக்கு இது தெரியாது. போதாததற்கு, கடைக்கும் பள்ளிக்கும் போகிற குட்டி ஓட்டங்களில் ஆயில் முழுச் சூட்டுக்கே வருவதில்லை. கூலன்ட் முள் நடுவுக்கு வந்த பிறகும் ஆயில் சூடாக இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இறங்கிய பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடும்.

உங்கள் வண்டிக் கணக்கைப் பார்ப்பது சுலபம். பல வண்டிகளில் மீட்டர் திரையிலேயே சராசரி வேகம் காட்டும். கடைசி ஆயில் சேஞ்சுக்குப் பிறகு ஓடிய தூரத்தை அந்த வேகத்தால் வகுத்தால் மணி நேரம் கிடைத்துவிடும். நான் 350 மணி நேரத்தில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தினசரி டிராஃபிக்கும் அவ்வப்போது ஊர்ப் பயணமும் கலந்து எனக்குச் சராசரி 22 கி.மீ. வருவதால், அது 7,700 கி.மீ. பக்கம் வந்து நிற்கும். வண்டிக் கையேடு சொல்வது 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. வாரன்ட்டி உள்ளவர்கள் இந்த எல்லையைத் தாண்டவே கூடாது. முன்னால் மாற்றினால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

அப்படியானால் எதற்கு சிந்தெடிக் என்று கேட்கலாம். அதற்குப் பதில் எனக்கு அல்சூர் மெக்கானிக் அண்ணனின் பட்டறையில் கிடைத்தது. ஆயில் கசிகிறதே என்று என் வண்டியின் டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) பேக்கிங் மாற்றக் கவரைத் திறந்தோம். கேம் ஷாஃப்ட் பக்கம் முழுக்கத் தேன் நிறத்தில் மெல்லிய படலம் மட்டும்தான், துணியால் துடைத்தால் வந்துவிட்டது. பக்கத்திலேயே அதே மாடல் வண்டி ஒன்று திறந்து கிடந்தது. ஊருக்குள்ளேயே ஓடுகிற வண்டி, மினரல் ஆயிலை 10,000 வரை இழுத்திருக்கிறார்கள். உள்ளே கரும்பழுப்பாகச் சேறு ஒட்டியிருந்தது. "ஆயில் போற ஓட்டை அடைச்சா இன்ஜினே இறக்கணும் சார்" என்றார் அண்ணன். சிந்தெடிக்குக்குக் கொடுக்கிற கூடுதல் பணம் எங்கே போகிறது என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

பிராண்டு விஷயத்தில் பலரும் எதிர்பார்க்கிற அளவு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மொபில் 1, ஷெல் ஹீலிக்ஸ் அல்ட்ரா இரண்டையும் ஒரே 5டபிள்யூ-30 கிரேடில் (முதல் எண் குளிரில் ஓடும் தன்மை, இரண்டாவது சூட்டில் இருக்கும் கெட்டித்தன்மை) மாறி மாறிப் போட்டிருக்கிறேன். காலை ஸ்டார்ட், ஐடில் சத்தம், பிக்அப் எதிலும் கண்ணைக் கட்டிவிட்டால் எது எதென்று என்னால் சொல்ல முடியாது. மொபில் 1 அமெரிக்கச் சந்தைக்கு 1974-லேயே வந்துவிட்ட பழைய கை. ஷெல் தன் பேஸ் ஆயிலை (சேர்க்கைகள் கலப்பதற்கு முந்தைய அடிப்படை எண்ணெயை) இயற்கை எரிவாயுவிலிருந்து கத்தார் நாட்டின் பேர்ல் ஆலையில் எடுக்கிறது. கச்சா எண்ணெயைக் கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் மூன்றாம் குரூப் பேஸ் ஆயிலையும் சிந்தெடிக் என்று விற்கலாம் என்று 1999-ல் அமெரிக்க விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்று சொன்னதிலிருந்து, டப்பாவின் முன்பக்கத்தில் இருக்கும் அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்து வாங்குவதில் பெரிய பயனில்லை. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்பி என்று இருக்கிறதா? 2020-ல் வந்த தரம் அது. டைமிங் செயின் தேய்மானச் சோதனையும் அதில் அடக்கம். உங்கள் வண்டிக் கம்பெனி தனியாக ஏதாவது தரம் கேட்டிருந்தால் அந்த எண்ணும் அங்கேயே இருக்க வேண்டும். ரேஸ் ஆயில் என்று புகழ்பெற்ற எஸ்டர் வகைகள் நல்ல சரக்குதான், ஆனால் நீண்ட நாள் ஓடுவதற்காக அவற்றைச் செய்வதில்லை.

மினரலுக்கும் சிந்தெடிக்குக்கும் வித்தியாசம் தெரிந்தது டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியில். மினரல் போட்ட காலத்தில் கோடையில் தொப்பூர் கணவாய் ஏறி இறங்கி வந்தால் அளவு கண்ணுக்குத் தெரிய இறங்கும், டாப் அப் டப்பா டிக்கியிலேயே கிடக்கும். முழு சிந்தெடிக்கில் அந்தத் தேவை வெகுவாகக் குறைந்தது. ஒரு சுற்று 5டபிள்யூ-40 போட்டுப் பார்த்தேன், கையேட்டில் அதற்கும் இடம் இருந்ததால். வெயிலில் மனசுக்குத் தெம்பு, மைலேஜில் லேசான அடி. மறுபடி 30-க்கே திரும்பிவிட்டேன். 0டபிள்யூ-16, 0டபிள்யூ-20 கேட்கிற புதிய வண்டிகளில் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம், கையேடு சொன்னதைப் போடுங்கள். மற்றவர்கள் குளிருக்காக 0டபிள்யூ தேட வேண்டியதில்லை. 5டபிள்யூ ஆயிலையே மைனஸ் 30 டிகிரியில் சோதிக்கிறார்கள். நம் ஊர் மார்கழிக்கு அது தாராளம்.

நிறம் கறுத்துவிட்டது என்பதற்காக அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிற ஆயில் கறுக்கத்தான் செய்யும். அதேபோல் 5,000 கி.மீ. என்ற பழைய விதிக்கும் ஒரு காலக் காரணம் உண்டு. அன்றைய பெட்ரோலில் கந்தகம் அதிகம், அது எரிந்து உண்டாகும் அமிலத்தை முறிப்பதிலேயே ஆயிலின் சத்து போய்விடும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபோது பெட்ரோலில் கந்தகத்தின் உச்ச அளவு 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10-க்கு இறங்கியது.

பணக் கணக்கு? மினரலைவிட இரண்டு, மூன்று மடங்கு விலை கொடுத்து 7,500-ல் மாற்றினால் மிச்சமெல்லாம் ஒன்றும் கிடையாது, கொஞ்சம் கூடுதல் செலவுதான். பெங்களூரில் சிந்தெடிக் பணம் மிச்சப்படுத்தும் என்று சொல்லி விற்பதை நான் ஏற்கவில்லை. அந்தத் திறந்த கவருக்குள் பார்த்ததற்காகத்தான் தொடர்ந்து போடுகிறேன்.

பெங்களூரின் வண்டி உதிரிபாகக் கடைத்தெருவான ஜேசி ரோடு போய் நீங்களே வாங்குவதாக இருந்தால் பில்லோடு வாங்குங்கள், சீலையும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். ஃபில்டரும் டிரெய்ன் போல்ட் வாஷரும் ஒவ்வொரு முறையும் புதிது. வேலை முடிந்ததும் காலி டப்பாவைக் கத்தியால் கிழித்துவிட்டு வாருங்கள், அதில் வேறு ஆயில் நிரப்பி விற்க முடியாது.

டர்போ, நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிக்காரர்கள் என் 7,700-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றில் ஆயிலுக்குச் சூடும் அதிகம், பெட்ரோல் கலப்பும் அதிகம். இதே ரூட்டில் ஓட்டினால் நான் 250 மணி நேரத்திலேயே மாற்றிவிடுவேன்.