பலாலியா, கட்டுநாயக்காவா: திருகோணமலையிலிருந்து சென்னைக்கு எது வசதி?

வரைபடத்தைப் பார்த்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை வான்வழியே சுமார் 355 கிலோமீற்றர். கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்காவிலிருந்து சுமார் 645. ஆனால் பறக்கும் நேரம் அப்படிப் பாதியாவதில்லை. பலாலி விமானத்துக்கு அட்டவணையில் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில் போடுகிறார்கள். கட்டுநாயக்காவுக்கு அதைவிடப் பத்து, பதினைந்து நிமிடம்தான் கூட.

காரணம் ஓடுபாதை. பலாலியில் அதன் நீளம் சுமார் 1,400 மீற்றர். அதனால் ஏ320 போன்ற ஜெட் அங்கே வருவதில்லை; முன்விசிறி பூட்டிய ஏ.டி.ஆர். 72தான் வரும். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு, ஜெட்டினுடையது 800க்கு மேல். தவிர, டிக்கெட்டில் உள்ள நேரத்தில் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், சென்னைக்கு மேலே இறங்க முறை பார்த்துச் சுற்றுவதும் அடக்கம். தூரம் குறைந்தாலும் அந்த நிமிடங்கள் குறையா.

தரைவழியிலும் பெரிய வித்தியாசமில்லை. ஹொரவப்பொத்தானை, வவுனியா, ஆனையிறவு வழியாகப் பலாலி. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாகக் கட்டுநாயக்கா. இரண்டுமே ஏறக்குறைய 250 கிலோமீற்றர், வாடகை வான் வண்டி பிடித்தால் ஐந்து, ஆறு மணித்தியாலம்.

அப்படியிருந்தும் போகும் பயணத்துக்கு எங்கள் தெரிவு பலாலிதான். புறப்படும் நேரமே அதைத் தீர்மானிக்கிறது. சென்னை விமானம் வழமையாகப் பிற்பகலில். விடிய ஆறு மணிக்குத் திருமலையை விட்டால் எட்டரைக்கு முன் வவுனியா, பிறகு ஏ9 நேர் வீதி, நண்பகலுக்குள் பலாலி. யானை நடமாடும் ஹொரவப்பொத்தானைப் பக்கம் நல்ல வெளிச்சத்திலேயே கடந்துவிடும். கட்டுநாயக்காவில் காலை விமானம் என்றால் முதல் நாள் இரவே வெளிக்கிட்டு, கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலுள்ள காட்டை இருட்டில் கடக்க வேண்டும். யானை வீதியில் நின்றால் அது விலகும்வரை வானும் நிற்கும். சாரதிக்கு நித்திரை வேறு. அங்கே பிற்பகல் விமானம் கிடைத்தால் இந்த வாதம் அடிபட்டுப்போகும், உண்மைதான்.

பஸ்ஸில் போகிறவர்கள் யாழ் பஸ் நிலையத்திலிருந்து பலாலிக்கு இன்னும் 17 கிலோமீற்றர் அளவில் இருப்பதை மறக்கக்கூடாது. ஏ.டி.ஆரில் தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது. சில்லுப் பெட்டியை ஏறும் இடத்திலேயே வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். மருந்து, கடவுச்சீட்டு, சார்ஜர் எல்லாம் தோள்பையில் இருக்கட்டும்.

பலாலியின் பலவீனம், விமானங்கள் குறைவு. தவறவிட்டாலோ, மாரி மழையில் ரத்தானாலோ அடுத்தது மறுநாள்தான். சென்னை ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருப்பவர்கள் ஒரு நாள் முந்திப் போவது நல்லது, அல்லது பல விமானங்கள் உள்ள கட்டுநாயக்காவையே பிடிக்கலாம். திரும்பும்போதும் கணக்கு மாறும்: பிற்பகல் மூன்று மணியளவில் பலாலியில் இறங்கினால் வவுனியா வர இருட்டிவிடும். அங்கிருந்து திருமலைக்கு 95 கிலோமீற்றர் அளவு, அதே யானைப் பாதை. அன்றிரவு வவுனியாவில் தங்கி விடிய வெளிக்கிடுவதே புத்தி.

தஞ்சாவூர், மதுரைப் பக்கம் போகிறவர்களுக்குச் சென்னையே தேவையில்லை. 2025 மார்ச்சில் பலாலி–திருச்சி சேவை தொடங்கியது. வான்வழித் தூரம் 185 கிலோமீற்றர் அளவு. நம் திருமலைச் சீனக்குடாவிலிருந்து பலாலிக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.