கட்டி சாம்பிராணியா, கப் சாம்பிராணியா? எரித்துப் பார்த்ததில் என் தீர்ப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கப் சாம்பிராணிக்கு என் மதிப்பெண் 5-க்கு 2. அந்த 2-ம் ஒரே தீக்குச்சியில் வேலை முடிகிறதே என்பதற்காக, மணத்துக்காக ஒன்றுமே தர முடியாது. நாட்டு மருந்துக் கடையில் எடை போட்டுத் தரும் கட்டி சாம்பிராணிக்கு நாலரை. ஓமான் குந்திரிக்கத்துக்கு (ஆங்கிலத்தில் ஃபிராங்கின்சென்ஸ், அது வேறொரு மரத்தின் பிசின்) மணத்தில் முழு மதிப்பெண் கொடுக்கலாம், ஆனால் விலையைப் பார்த்தால் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கப் விஷயத்தை முடித்துவிடுவோம். அதில் பெரும்பகுதி கரித்தூளும் மரத்தூளும்தான், சிலர் சாணித்தூளும் சேர்க்கிறார்கள், அப்புறம் எல்லாம் உதிராமல் இருக்க ஒரு பசை, நடுக்குழியில் கொஞ்சம் சாம்பிராணித் தூள், அதன்மேல் செண்ட். பற்றவைத்ததும் வரும் முதல் புகை நன்றாகத்தான் இருக்கிறது. குழியில் இருக்கிற தூள் தீர்ந்த பிறகு மிச்ச நேரமெல்லாம் கப்பே எரிகிறது, அந்த வாடை பழைய அட்டைப்பெட்டியைக் கொளுத்தின மாதிரி இருக்கிறது. ஆன்லைனில் நான் வாங்கிய ஒரு கம்பெனி பாக்கெட்டில் (பெயர் வேண்டாம்) பாதிக் கப் விளிம்பு உடைந்து வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் "இயற்கை மூலிகைகள்" என்று மட்டும் போட்டிருக்கிறான். எந்த மூலிகை, எத்தனை கிராம் என்று ஒரு வரி கிடையாது. கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று குட்டிக் குட்டியாக வருமே, அதுவும் கிட்டத்தட்ட இதே கதைதான், கொஞ்சம் செண்ட் தூக்கல், அவ்வளவுதான்.

சரி, கட்டி சாம்பிராணிக்கு வருவோம். இது முழுக்க மரப்பிசின். நம் ஊருக்குக் காலங்காலமாக இது வருவது இந்தோனேசியாவின் சுமத்ராவிலிருந்து, அங்கே வடக்கு மலைப்பகுதியில் பத்தாக் மக்கள் இந்த மரங்களைப் பரம்பரையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மரத்தின் பட்டையைக் கீறிவிட்டு வந்துவிடுவார்கள், பால் மாதிரி வடிந்து, மாதக்கணக்கில் அங்கேயே காய்ந்து இறுகின பிறகு போய்ச் சுரண்டி எடுப்பார்கள். முதலில் இறங்குகிற வெள்ளைத் துண்டுகள்தான் உயர்ந்த ரகம், கடையில் பால் சாம்பிராணி என்று கேட்டால் கிடைப்பது அந்த வகை. மலிவான கட்டியில் குங்கிலியமோ வேறு பிசினோ கலந்து உருக்கி வார்த்திருப்பார்கள். ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். பழுப்புக்கு நடுவே பாதாம் பருப்பைப் பதித்தது போல வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தால் தைரியமாக வாங்கலாம், கண்ணாடி போல ஒரே நிறத்தில் பளபளவென்று இருந்தால் நான் வாங்க மாட்டேன். மூக்கில் வைத்தால் லேசாக வெனிலா வாசம் அடிக்க வேண்டும், அது அந்தப் பிசினிலேயே இருக்கிற வாசம்.

குங்கிலியம் கலந்தால் மட்டம் என்று அர்த்தமில்லை, சாம்பிராணி விலையில் விற்றால்தான் கோபம். தனியாக வாங்கிப் போட்டால் அது ஒரு தனி மணம், எலுமிச்சையும் மரமும் கலந்தது போல. குங்கிலியக்கலய நாயனார் திருக்கடவூரில் நெல் வாங்கி வா என்று மனைவி கழற்றிக் கொடுத்த தாலியையே கொடுத்து வாங்கிக் கோயிலில் சேர்த்தது இதைத்தான். (அந்த அம்மாவின் நிலைமையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆற்றாமையாக இருக்கிறது, அது வேறு விஷயம்.)

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும், கப்பையே கொளுத்திவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். எந்தச் சாமிக்குத் தூபம் போட்டாலும் பெரும்பாலும் பழைய முறை ஒன்றுதான்: கனன்ற கரி, அதன்மேல் பிசின். கத்தோலிக்கக் கோயிலில் சங்கிலியில் ஆட்டும் தூபக் கலசத்துக்குள் இருப்பதும் அதுதான், ஸ்பெயினில் சந்தியாகோ தே கொம்பொஸ்தேலா பேராலயத்தில் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள கலசத்தை எட்டுப் பேர் கயிற்றால் இழுத்து ஊஞ்சலாட விடுகிறார்களே, அதற்குள்ளும் அதுதான். இஸ்லாத்தில் தொழுகைக்குத் தூபம் கட்டாயமில்லை, ஆனாலும் நம் தர்காக்களில் சாம்பிராணிப் புகை இல்லாமல் இருக்காது, கடைகடையாக வந்து புகை காட்டிவிட்டு மயிலிறகால் தலையில் தடவிவிட்டுப் போகும் பக்கீர் பாவாவின் கையில் இருப்பதும் கரியும் பிசினும்தான். எத்தியோப்பியாவில் விருந்தாளிக்குக் காபி வறுத்துக் கொடுக்கும்போதுகூடப் பக்கத்தில் குந்திரிக்கம் புகைகிறது. யூதர்களின் பழைய ஆலயத்தில் குந்திரிக்கத்தோடு வேறு வாசனைப் பொருள்களும் சேர்த்து ஒரு கலவை வைத்திருந்தார்கள், அதே கலவையைச் சொந்த உபயோகத்துக்கு யாரும் செய்யக்கூடாது என்று கட்டளையே உண்டு. கப் இந்த முறையைக் காசுக்குத் தகுந்த மாதிரி சுருக்கிவிட்டது, கரியை நிறையப் போட்டுப் பிசினைக் குறைத்துவிட்டது. அதுதான் என் புகார்.

குந்திரிக்கம் வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஓமானின் தோஃபார் பகுதியிலிருந்து வருவதைத் தேடுங்கள், அந்த நிலப்பரப்பையே யுனெஸ்கோ 2000-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வெளிர் பச்சை ஓடும் துளிகள்தான் விலை கூடியவை. நம் நாட்டிலேயே அதே இனத்து மரம் உண்டு, அதன் பிசின் விலை குறைவு, தேவாலயம் பக்கத்துக் கடைகளில் கிடைக்கிறது. புகை கொஞ்சம் காரமாக இருக்கும், வீட்டுக்குத் தாராளமாகப் போதும்.

எரிக்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கொட்டாங்கச்சிக் கரி நன்றாகக் கனன்று சிவப்பு அடங்கி மேலே சாம்பல் படரும் வரை பொறுங்கள். அவசரப்பட்டுச் செந்தணலில் போட்டால் சாம்பிராணி கொதித்து, நுரைத்து, கறுத்து, தொண்டையைப் பிடிக்கிற கருகல் நாற்றம்தான் வரும். சாம்பல் படர்ந்த கரியில் போட்டால் துண்டு ஓரத்தில் மெதுவாக இளகி, பளபளத்து, வெள்ளையாகப் புகை சுருண்டு எழும். ஜப்பான்காரர்கள் இதில் ஒரு படி மேலே போய், வாசனை விழாவில் கரியைச் சாம்பலுக்குள் புதைத்து, மேலே அப்பிரகத் தகடு வைத்து, அதன்மேல் அகில் சில்லை வைத்துப் புகையே இல்லாமல் மணத்தை மட்டும் எடுக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம், கரி மேல் ஒரு ஸ்பூன் பழைய சாம்பலைத் தூவிவிட்டுப் போட்டாலே வித்தியாசம் தெரியும். வட்ட வில்லையாக விற்கும் கரியில் வெடியுப்பு கலந்திருக்கும், தீக்குச்சி காட்டியதும் பொரிந்துகொண்டு பற்றும், அந்தப் பொரிச்சலும் வாடையும் அடங்கின பிறகே பிசினைப் போட வேண்டும்.

புகை புகைதான், சாமிக்குப் போட்டதால் நுரையீரல் விட்டுவிடாது. தைவானின் தைபேயில் பெரிய கோயிலான ஷிங்தியான் 2014-ல் ஊதுபத்தி வைப்பதையே நிறுத்திவிட்டு, கைகூப்பினால் போதும் என்று சொல்லிவிட்டது. நான் அந்த அளவுக்குப் போகவில்லை, ஆனால் ஜன்னலைத் திறந்து வைக்காமல் போடுவதில்லை. ஏசி அறையில் கதவை அடைத்துக்கொண்டு கரி கனல விடுவது ஆபத்து, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. குளிப்பாட்டின குழந்தைக்குப் புகை காட்டுவதைப் பாட்டிமார் விட மாட்டார்கள், ஆனால் குழந்தை டாக்டர்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள், நான் டாக்டர் பக்கம். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் எந்த ரகத்தையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கட்டி சாம்பிராணிக்கு அந்த அரை மார்க் எங்கே போனது என்றால், தூபக்காலைக் கழுவுகிற வேலையில். உருகி ஒட்டினது தண்ணீருக்கும் புளிக்கும் அசையாது. பிசின் ஆல்கஹாலில் கரையும் (மருந்துக் கடையில் விற்கும் டிங்சர் பென்சாயினே அப்படிச் செய்ததுதான், பென்சாயின் என்பது சாம்பிராணியின் ஆங்கிலப் பெயர்), அதனால் தூபக்கால் நன்றாக ஆறின பிறகு, அடுப்பு விளக்கு எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், பஞ்சில் சர்ஜிகல் ஸ்பிரிட் நனைத்துத் துடையுங்கள், பித்தளை பளிச்சென்று வந்துவிடும்.