வாட்ச்மென்னா, டார்க் நைட் ரிட்டர்ன்ஸா: எதை முதலில் எடுப்பது?

இரண்டும் 1986-இல் அமெரிக்கப் பதிப்பகமான டிசி காமிக்ஸ் தொடங்கிய சித்திரக்கதைகள். ஃபிராங்க் மில்லரின் ‘டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ நான்கே இதழ்கள்; ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பத்தாண்டு ஓய்வுக்குப் பின் 55 வயதில் திரும்பும் பேட்மேனுக்கு உடம்பு ஒத்துழைப்பதில்லை. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு அது சட்டென்று உறைக்கும். பக்கத்தை 16 படக் கட்டங்களாக நெருக்கி, திடீரென்று முழுப்பக்கப் படமாக விரிப்பார் மில்லர். டிவி திரை வடிவக் கட்டங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பேட்மேன் நல்லவனா கெட்டவனா என்று ஊரே மல்லுக்கட்டுவது அங்கேதான்.

ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ 12 இதழ்கள். நிதானமாகப் படிக்க வேண்டியது. அடிப்படை, பக்கத்துக்கு 9 கட்டம். ஐந்தாம் இதழில் முதல் பக்கத்தின் அமைப்பு கடைசிப் பக்கத்தில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பும். இப்படியே உள்நோக்கி வந்து நடுப்பக்கங்களில் இரண்டு பாதியும் சந்திக்கும். கைபேசியில் கட்டம் கட்டமாகப் பார்த்தால் இந்த அழகே தொலைந்துவிடும். அச்சுப் புத்தகம்தான் சரி. முதல் 11 இதழ்களின் முடிவில் வரும் உரைநடைப் பக்கங்களைப் பலர் படிக்காமல் புரட்டிவிடுகிறார்கள். கதையின் நாயகர்களான முகமூடிக்காரர்களின் பழைய வாழ்க்கை அதில்தான் இருக்கிறது.

பேட்மேனின் முன்கதை எதுவும் தெரியாதவர்களுக்கு என் ஓட்டு வாட்ச்மெனுக்கே. முதல் பக்கத்தில் ரத்தக்கறை படிந்த சிரிப்பு முகப் பொத்தான். கடைசிக் கட்டத்தில் ஒருவனின் சட்டையில் அதே முகம், கெச்சப் கறையுடன்.