சமையலறையில் எதற்குத் தாராளம், எதற்குச் சிக்கனம்: பல வருடப் புழக்கத்தில் பார்த்தது

வீட்டுச் சாமான் வாங்கப் போனால் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "ஒரு தடவைதான் வாங்கப் போறே, நல்லதாவே எடுத்துடு" என்பார் ஒருவர். "எல்லாம் ஒண்ணுதான், பேருக்குத்தான் காசு" என்பார் இன்னொருவர். 2014-ல் கோவையில் தனிக்குடித்தனம் வந்ததிலிருந்து தினமும் புழங்கிப் பார்த்ததில், முதல் பேச்சு சில சாமான்களுக்குப் பொருந்துகிறது, இரண்டாவது வேறு சிலவற்றுக்குப் பொருந்துகிறது. எது எதற்கு என்று பிரிக்க நான் வைத்திருக்கும் கணக்கு இது: பழுதானால் உதிரிபாகம் மாற்றி ஓட்ட முடிகிற பொருளுக்குப் பெரிய காசு போடலாம். என்ன விலை கொடுத்து வாங்கினாலும் தேய்ந்து போகப் போகிற பொருளுக்குக் குறைந்த விலையே போதும். கேஸ், பிரஷர் சம்பந்தப்பட்டதில் மட்டும் இந்தக் கணக்கே கிடையாது, நல்லதுதான் வாங்க வேண்டும்.

முதலில் கிரைண்டர். எங்கள் சமையலறையில் தாராளமாகக் காசு போட்டது இதற்குத்தான். இன்றுவரை மனசு நிறைந்த செலவும் இதுதான். இரண்டு லிட்டர் டேபிள் டாப். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடு பக்கம் போனால் கல் அடிக்கிற, டிரம் செய்கிற, மோட்டார் பூட்டுகிற பட்டறைகளைப் பார்க்கலாம். அதனால் பெல்ட் தேய்ந்தாலும், மாவு வழிக்கிற வைப்பர் உடைந்தாலும், அடியில் வாஷர் போய் மாவு கசிந்தாலும், இங்கே அலைய வேண்டியதில்லை. எங்கள் கிரைண்டரில் இதுவரை பெல்ட் மாற்றியாயிற்று, வைப்பர் மாற்றியாயிற்று. கல்லும் மோட்டாரும் வாங்கியபோது இருந்தவைதான்.

மிக்சியிலேயே இட்லி மாவு அரைத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அரைக்கலாம், ஆனால் உளுந்து அரைபடும் விதமே வேறு. மிக்சி பிளேடு வேகமாகச் சுற்றி வெட்டுவதால் மாவு சூடேறுகிறது, பொங்கி வருவதில்லை. கிரைண்டரில் கல் மெதுவாக உருண்டு நசுக்குவதால் மாவு குளுமையாக இருக்கும், காற்று உள்ளே போகும், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளிக்கத் தெளிக்கப் பஞ்சு மாதிரி எழும்பும். ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் துளி உளுந்து மாவைப் போட்டால் மிதக்க வேண்டும். மிதந்தால் எடுத்துவிடலாம், மூழ்கினால் இன்னும் ஓட வேண்டும். கரண்டைப் பற்றியும் பயப்பட வேண்டாம். இந்த அளவு கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட்தான். அரை மணி நேரம் ஓடினாலும் 0.075 யூனிட், பத்தில் ஒரு யூனிட்கூட ஆகாது.

வாங்கும்போது கூடவே தேங்காய்த் துருவி, மாவு பிசையும் கருவி எல்லாம் சேர்த்து விலை சொல்வார்கள். அதற்காகக் கூடுதல் காசு தர வேண்டாம் என்பது என் கருத்து. கோதுமை மாவு பிசைய அதை மாட்டிக் கழற்றிக் கழுவுகிற நேரத்தில் கையாலேயே பிசைந்துவிடலாம். அந்தக் காசை டிரம்மின் கனத்திலும் கல்லிலும் பாருங்கள். அப்புறம் ஒன்று: கடையிலேயே டிரம்மைக் கல்லோடு ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது அதைத் தூக்கிக் கழுவப் போவது நீங்கள்தான். என் அத்தைக்கு முதுகு வலி வந்த பிறகு அவரால் தூக்க முடியவில்லை. வயதானவர்கள் இருக்கும் வீடென்றால் சாய்த்து மாவு வழிக்கிற டில்டிங் மாடலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நியாயம்.

கிரைண்டரைச் சொல்லிவிட்டு உளுந்தைச் சொல்லாமல் விட முடியாது. மளிகையில் நான் விலை பார்க்காமல் வாங்குகிற ஒரு சில பொருள்களில் உளுந்து ஒன்று. தோல் நீக்கிய முழு உளுந்து, அதுவும் புதிதாக வந்தது. பழைய உளுந்து என்றால் எவ்வளவு நல்ல கிரைண்டரில் போட்டாலும் மாவு காணாது. அரிசிக்கு இந்த அக்கறை தேவையில்லை. ரேஷன் புழுங்கலரிசியை நன்றாகக் களைந்து ஊறவைத்துப் போட்டாலே எங்கள் வீட்டு இட்லி மெத்தென்று வருகிறது. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்கிற கணக்கில், அதிகம் செலவாகிற அரிசி மலிவாகக் கிடைத்து, கொஞ்சமாகச் செலவாகிற உளுந்து உயர்ந்ததாக இருந்தால், மாதச் செலவு ஏறுவதே தெரியாது.

மிக்சியில் 750 வாட் எடுத்தோம். 500 வாட் போதுமா என்று கேட்டால், சட்னியும் கொஞ்சம் மசாலாவும் மட்டும் அரைக்கிற சின்னக் குடும்பத்துக்குப் போதும். நாங்கள் மிளகாய்ப்பொடி, சாம்பார்ப்பொடி, ஊறவைத்த கடலைப்பருப்பு எல்லாம் வீட்டிலேயே அரைப்பதால் பெரியதாக எடுத்தோம். ஆனால் வாட்டைவிட முக்கியமாக நான் கேட்பது, "இதுக்குக் கப்ளர் தனியாக் கிடைக்குமா, ஜாருக்குப் பிளேடு மாத்திக் குடுப்பீங்களா?" என்பதைத்தான். ஜாருக்கு அடியிலும் மோட்டார் தலையிலும் பல் பல்லாக இருக்குமே, அதுதான் கப்ளர். ஜார் இறுகி நின்றுபோனால் மோட்டாருக்கு அடி விழாமல் அந்தப் பல் தேய்ந்து கொடுக்கும். ஒருநாள் மிக்சி சத்தம் மட்டும் போட்டுக்கொண்டு பிளேடு சுற்றாமல் நின்றது. ரிப்பேர் கடை அண்ணன் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "மோட்டார் காயில் நல்லா இருக்குதுங்க்கா, கப்ளர் பல்லுதான் போயிருச்சு" என்று சொல்லி அங்கேயே திருகி மாட்டிக் கொடுத்தார். ஒரு வேளை ஹோட்டல் டிபன் காசுகூட ஆகவில்லை.

இதே காரணத்துக்காகத்தான், பார்க்க அழகாக இருக்கிறது, சின்னதாக இருக்கிறது என்று ஆன்லைனில் வருகிற பேர் தெரியாத சாப்பர், சார்ஜ் போடுகிற மினி பிளெண்டர் வகையறாக்கள் பக்கம் நான் போவதில்லை. பேட்டரி போனால் பொருளே போனது, உள்ளூர்க் கடையில் அதைத் திறக்கவே மாட்டார்கள். இன்னொரு சின்ன விஷயம்: ஜாரில் அளவுக்கு மேல் போட்டு மிக்சி சட்டென்று நின்றுபோனால், பல மிக்சிகளில் அடியில் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அதை அமுக்கினால் மறுபடி ஓடும். இது தெரியாமல் மிக்சியே போய்விட்டது என்று புதிதாக வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இனி, காசு போடக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்கிற பொருள்: நான்ஸ்டிக். இதில் மேல்பூச்சுதான் பொருளே. விலை கூடினால் பூச்சு கொஞ்சம் கூட நாள் வரலாம், ஆனால் போகத்தான் போகிறது. மரக்கரண்டி போட்டாலும், மெல்லிய ஸ்பாஞ்சில் தேய்த்தாலும், தினமும் அடுப்பில் ஏறுகிற தவா ஒன்றிரண்டு வருஷத்தில் ஒட்ட ஆரம்பிக்கும். திரும்பப் பூச்சு பூசி வாங்க நம் ஊரில் சுலபமான வழி இல்லை. வெறும் கல்லாக அடுப்பில் காயவைத்து மறந்தால் அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரிக்கு மேல் கெட்டு, நல்லதில்லாத புகையைக் கிளப்பும் என்பது தனிக் கவலை. முட்டை ஆம்லெட்டுக்கென்று சின்னதாக ஒன்று வைத்திருக்கிறோம். ஆடித் தள்ளுபடியில் எடுத்தது. கீறல் விழுந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுவேன்.

தோசைக்கு இரும்புக் கல்தான். நான்ஸ்டிக் தவாவைவிட மலிவாகக்கூடக் கிடைக்கிறது. பழக்குவதற்குத்தான் பொறுமை வேண்டும். புதுக் கல்லை அரிசி கழுவிய தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்றித் தேய்த்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து வைப்போம். அப்புறம் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, முள்கரண்டியில் குத்தி, எண்ணெய் தொட்டுக் கல் முழுக்கத் தேய்க்க வேண்டும். முதல் சில தோசைகள் பிய்ந்துதான் வரும். பிறகு ஒருநாள் ஓரம் தானாகவே எழும்பி வரும் பாருங்கள், அதற்கப்புறம் அந்தக் கல் உங்களுக்குச் சொந்தம். சப்பாத்திக்கு மட்டும் வேறு கல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கல்லில் இரண்டும் போட்டால் அடுத்த நாள் தோசை ஒட்டும். கல் எப்போதாவது கெட்டுப்போனாலும் தேய்த்து, எண்ணெய் காட்டி மறுபடி பழக்கிக்கொள்ளலாம். என் பேத்தி காலம்வரை வரக்கூடிய பொருள், விலை இவ்வளவுதானா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

பாத்திரங்களில் பாதிப் பாதி. குழம்பு, பொரியல், பால் என்று அடுப்பில் ஏறுபவற்றுக்கு அடி கனமான எவர்சில்வர் எடுத்தோம். கடையில் 304 கிரேடா, 202 கிரேடா என்று கேட்டு வாங்குங்கள். 304-ல் நிக்கல் சுமார் எட்டு சதவீதம் இருக்கும், புளியும் உப்பும் பட்டாலும் சீக்கிரம் துருப் புள்ளி விழாது. 202-ல் நிக்கல் குறைவு, விலையும் குறைவு. பருப்பு, பொடி போட்டு வைக்கிற டப்பாக்களுக்கு அது தாராளமாகப் போதும். அவை தண்ணீரையும் நெருப்பையும் பார்க்கப் போவதில்லையே. கத்தி, தோல் சீவி, வடிகட்டி எல்லாம் தெருமுனைக் கடைச் சரக்குதான். சாணை பிடிக்கிறவர் வரும்போது கத்தியைக் கொடுத்தால் அது விலை உயர்ந்த கத்தி வெட்டுகிற மாதிரியே வெட்டும்.

குக்கரில் மட்டும் பேரம் வேண்டாம். உள்ளே சுமார் ஒரு கிலோ அழுத்தம் சேர்ந்து, தண்ணீர் 120 டிகிரி அளவில் கொதிக்கிற பாத்திரம் அது. குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை இப்போது கட்டாயம். 2021-லிருந்து முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. ஆனாலும் சந்தையில் முத்திரை இல்லாத அலுமினியக் குக்கர்கள் இன்னும் கண்ணில் படுகின்றன. குக்கர் நல்லதாக வாங்கிவிட்டு, கேஸ்கட்டையும் சேஃப்டி வால்வையும் பத்து இருபது மிச்சம் பிடிக்க லோக்கலாகப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. எந்தக் கம்பெனிக் குக்கரோ அதே கம்பெனி கேஸ்கட், அதே கம்பெனி வால்வு. கேஸ்கட் தளர்ந்தால் ஆவி ஓரத்தில் சீறி, விசில் வராமல் கேஸ்தான் வீணாகும். வால்வு சரியில்லை என்றால் நடப்பதே வேறு. வெயிட் வைக்கும் முன்னால் ஆவிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓட்டை தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பது எங்கள் வீட்டில் குழந்தைகளுக்குக்கூடப் பழக்கம். பருப்பு நுரை அடைத்துக்கொள்வது அங்கேதான்.

கேஸ் டியூபும் அப்படித்தான். ஏஜென்சியில் தருகிற ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபில் தேதி அச்சிட்டிருப்பார்கள், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். வெடிப்பு தெரியாவிட்டாலும் தேதி முடிந்தால் மாற்றிவிடுகிறோம்.

சமையலறையைத் தாண்டி ஒரே ஒரு பொருளைச் சொல்கிறேன், ஏனென்றால் என் கணக்கு அதில் முழுதாகப் பொருந்தவில்லை: கரண்ட் குறைவாக இழுக்கிற பி.எல்.டி.சி. ஃபேன். சாதாரண ஃபேன் போனால் பெரும்பாலும் கண்டென்சர்தான், எலக்ட்ரீஷியன் வந்து ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடுவார். பி.எல்.டி.சி.-யில் உள்ளே சர்க்யூட் போர்டு. அது போனால் கம்பெனிக்காரர்தான் வர வேண்டும், வாரன்டி முடிந்திருந்தால் செலவு நம்முடையது. அப்படியும் படுக்கையறைகளுக்கு இதைத்தான் போட்டோம். சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் இது 30 வாட் சுற்றுவட்டாரத்தில் ஓடுகிறது. தினமும் 14 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லுக்கு ஒரு ஃபேனில் சுமார் 38 யூனிட் மிச்சம். யூனிட் ஐந்து ரூபாய் என்று தோராயமாக வைத்தால் பில்லுக்கு 190 ரூபாய். கூடக் கொடுத்த ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒன்றேகால், ஒன்றரை வருஷத்தில் திரும்பிவிடும், வாரன்டி அதைத் தாண்டியும் இருக்கும். அதோடு நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருக்கிற குறைந்த விலை போய்விடுகிறது. கோடையில் அந்தக் கோட்டை ஒட்டி நிற்கிற வீடுகளுக்கு 38 யூனிட் சின்ன விஷயம் இல்லை. பூஜை அறையிலும் எப்போதாவது ஆள் உட்காருகிற முன்னறையிலும் பழைய ஃபேனே சுற்றுகிறது. அங்கே மாற்றினால் போட்ட காசு திரும்பவே பல வருஷம் ஆகும்.

அடுத்து அடுப்பு மாற்ற வேண்டியிருக்கிறது. கடைகளில் முன்னால் நிறுத்தியிருப்பதெல்லாம் கண்ணாடி மேல்தட்டு அடுப்புதான். துடைக்கச் சுலபம், அதை மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி விரிசல் விட்டால் அதைத் தனியாக மாற்றித் தருவார்களா என்று கேட்டதற்கு எந்தக் கடையிலும் நேரான பதில் வரவில்லை. பித்தளை பர்னர் வைத்த எவர்சில்வர் அடுப்புக்கு பர்னரும் கிடைக்கிறது, நாப்பும் கிடைக்கிறது, திறந்து சுத்தம் செய்து மஞ்சள் தீயை நீலமாக்கிக் கொடுக்கிறவரும் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். மூன்று பர்னர் போதுமா, நான்கு வேண்டுமா என்பது மட்டும்தான் இன்னும் பேச்சில் இருக்கிறது. அத்தை மூன்று போதும் என்கிறார், எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.