150 எம்எம் போர்ட்ரெய்ட் லென்ஸ்: படம் அருமை, பக்கத்தில் போக விடாது

மீடியம் ஃபார்மட்டில் (35 எம்எம்மை விடப் பெரிய ஃபிலிம்) போர்ட்ரெய்ட் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர் சதுரமாகப் படம் விழும் என் 6×6 கேமராவின் 150 எம்எம் எஃப்4 லென்ஸ் இப்போதுதான் சர்வீஸ் முடிந்து வந்திருக்கிறது. மெதுவான வேகங்களில் ஷட்டர் இழுத்துக்கொண்டிருந்தது. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் பழைய லீஃப் ஷட்டர் என்றால் அது வரத்தான் செய்யும், குறை சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் அதன் ஃபோகஸ் தூரத்தின் மேல்தான். 1.4 மீட்டருக்குள் போனால் ஃபோகஸ் ஆகாது. அங்கிருந்து ஃபிரேமில் விழுவது ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் சதுரம், அதாவது தலையும் தோளும். முகம் மட்டும் நிறைய வேண்டுமா, பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் 8 எம்எம் எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வளையத்தை மாட்ட வேண்டும். மாட்டினால் மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் ஃபோகஸ் ஆகாது. ஆள் எழுந்து தள்ளி நின்றால் திரும்பக் கழற்ற வேண்டும். அதற்கும் வரிசை உண்டு. மாட்டும்போது டியூப் முதலில், கழற்றும்போது லென்ஸ் முதலில், பாடியும் லென்ஸும் காக் ஆகியிருக்க வேண்டும், அதாவது அடுத்த படத்துக்கு முறுக்கேறித் தயாராக இருக்க வேண்டும். பிசகினால் ஜாம். எல்லாம் முடித்து நிமிர்வதற்குள் எதிரில் இருப்பவர் முகத்தில் இருந்த இயல்பு கலைந்து, போஸ் ஏறியிருக்கும். போர்ட்ரெய்ட்டுக்கென்றே வந்த லென்ஸில் இதை என்னால் பொறுக்க முடியவில்லை.

படத்தில் மட்டும் கை வைக்க இடமே இல்லை. 80 எம்எம்மில் முகத்தை நிரப்பக் கிட்டப் போனால் மூக்கு துருத்தும், காது பின்வாங்கும். 150இல் முகம் முகமாக இருக்கும். எஃப்4 திறப்பு போதுமா என்று தயங்க வேண்டாம். 35 எம்எம் கேமராவில் 85 லென்ஸை எஃப்2.2 அளவில் திறந்தால் பின்னணி எவ்வளவு கரையுமோ, அவ்வளவு கரைகிறது. வெயிலில் ஃபிளாஷ் போடுவதுதான் பெரிய சுகம். 1/500 நொடி வரை ஷட்டர் ஃபிளாஷோடு ஒத்துப்போவதால், அதாவது சிங்க் ஆவதால், ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் எஃப்8 வைக்கலாம். 1/30 சிங்க் உள்ள பென்டாக்ஸ் 67 கேமராவின், ஃபிலிமை ஒட்டி ஓடும் ஃபோகல் பிளேன் ஷட்டரில் அதே வெயிலுக்கு எஃப்32 பக்கம் போக வேண்டும், ஃபிளாஷுக்கு 16 மடங்கு சக்தி தேவைப்படும்.

இத்தனைக்குப் பிறகும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். மமியா ஆர்பி67 கேமராவும் 180 எம்எம் லென்ஸும் பாருங்கள் என்றேன். இரண்டரைக் கிலோவுக்கு மேல் கனக்கும், ஸ்டாண்ட் இல்லாமல் முடியாது. ஆனால் பாடியிலேயே நீண்டு சுருங்கும் பெல்லோஸ் இருக்கிறது, குமிழைத் திருகிக்கொண்டே முகத்துக்குப் பக்கத்தில் போகலாம். லீஃப் ஷட்டரும் 1/400 வரை உண்டு. 6×6 பாடி ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் 150 வாங்கினால், 8 எம்எம் டியூபையும் சேர்த்தே விலை பேசுங்கள்.