ஒற்றை கியர் மாற்றுக் கிட்: ஆறு மாத ஓட்டத்துக்குப் பின்

கேசட் (பின்சக்கரத்தில் வெவ்வேறு அளவுப் பல்சக்கரங்களின் அடுக்கு) பொருத்திய பழைய ரோடு சைக்கிள் ஒன்றை ஒற்றை கியருக்கு மாற்றுவதற்காக, எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய கிட் ஒன்றை வாங்கினேன். எஃகுத் தகட்டிலிருந்து வெட்டியெடுத்த 16 பல் சக்கரம், வெவ்வேறு தடிமனில் ஸ்பேசர்கள் என்னும் இடைவெளி வளையங்கள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங் ஒன்று, செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆகியவை அதில் இருந்தன. ஸ்பேசர்களிலும் லாக்ரிங்கிலும் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் அந்தப் பல்சக்கரத்தை முதல் நாளே ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் பொருத்தியிருக்க வேண்டும்.

அதன் பற்களில் பிழையில்லை. கேசட்டிலிருந்து கழற்றிய சக்கரங்களில் செயின் எளிதாக அடுத்த கியருக்குத் தாவ வேண்டும் என்பதற்காகச் சில பற்களைக் குட்டையாகவும் சாய்வாகவும் வெட்டியிருப்பார்கள். ஒற்றை கியரில் அவையே செயின் நழுவக் காரணமாகும். இதன் பற்களோ உயரமாகவும் நேராகவும் இருந்தன. கோளாறு உட்புறத்தில்தான். மெல்லிய தகடு என்பதால், எழுந்து நின்று மிதிக்கும்போது காலின் விசை முழுவதும் அந்தக் குறுகிய விளிம்பு வழியாகவே ஃப்ரீஹப்பில், அதாவது பின்சக்கரத்தின் நடுவே பல்சக்கரம் மாட்டும் வரிவரியான உருளையில், இறங்குகிறது. என்னுடைய ஃப்ரீஹப் அலுமினியம். இரண்டாம் மாதத்தில் ஏற்றம் ஏறும்போதெல்லாம் 'டக்' என்று ஓர் ஒலி கேட்கத் தொடங்கியது. கழற்ற முயன்றபோது சக்கரம் அசையவே மறுத்தது. மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டி எடுத்துப் பார்த்தால், ஃப்ரீஹப்பின் வரிகள் ஒவ்வொன்றிலும் நகம் இடறும் அளவுக்கு வெட்டு விழுந்திருந்தது. மெல்லிய அரத்தால் பிசிறைத் தேய்த்துவிட்டு, அடிப்பகுதி அகலமான சக்கரத்தைப் போட்ட பிறகு அந்த ஒலி திரும்பவில்லை. ஃப்ரீஹப் எஃகாக இருந்தால் கிட்டில் வரும் சக்கரமே போதும். அலுமினியமாக இருந்தால் செலவைப் பார்க்காமல் அகலமானதையே வாங்குங்கள்.

ஸ்பேசர்களின் அருமை செயினை நேர்க்கோட்டில் நிறுத்தும்போது தெரியும். முன்பல்சக்கரத்தின் முகத்தோடு நீண்ட அளவுகோலை ஒட்டிப் பிடித்தபோது, அதன் பின்முனை பின்பல்லுக்கு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் வெளியே நின்றது. உட்புறத்தில் இரண்டு மில்லிமீட்டர் ஸ்பேசரைக் கூட்டி, வெளிப்புறத்தில் அதே அளவைக் குறைத்ததும் கோடு நேரானது. ஓட்டத்தில் இருந்த உரசல் ஒலியும் அடங்கியது. அடுக்கு முழுவதும் சேர்ந்து ஃப்ரீஹப்பின் முனையைவிடச் சற்றே வெளியே நீண்டிருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். அது குட்டையாக இருந்தால், 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் லாக்ரிங்கை முறுக்கினாலும் அது ஃப்ரீஹப்பில் மோதி நின்றுவிடும்; உள்ளே பல்சக்கரம் ஆடிக்கொண்டே இருக்கும்.

டென்ஷனர் எல்லோருக்கும் தேவைப்படாது. பின் அச்சு அமரும் பிளவு கிடைமட்டமாக இருக்கும் சட்டத்தில் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தே செயினை இறுக்கிவிடலாம். என் சட்டத்தின் பிளவு செங்குத்தானது என்பதால் எனக்கு வேறு வழியில்லை. இந்த டென்ஷனரைச் செயினைக் கீழ்நோக்கித் தள்ளுமாறும், மேல்நோக்கித் தள்ளுமாறும் அமைக்கலாம். மேல்நோக்கி அமைத்ததும் பின்பல்சக்கரத்தில் கூடுதலான பற்களைச் செயின் சுற்றிக்கொண்டது. அதற்கு முன் குழி விழுந்த பாதையில் இருமுறை கழன்ற செயின், பிறகு ஒருமுறைகூடக் கழலவில்லை. பெடலும் பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுழலும் ஃபிக்ஸட் கியருக்கு மட்டும் இதை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. பின்னோக்கி மிதிக்கும் விசையை இது தாங்காது.

கிட்டில் இல்லாத ஒன்று என்னை ஒரு நாள் முழுக்கக் காக்க வைத்தது. முன்னால் இருந்த இரண்டு பல்சக்கரங்களில் ஒன்றைக் கழற்றியதும் பழைய போல்ட்டுகள் நீளமாகிவிட்டன. எவ்வளவு முறுக்கியும் அவை பிடிக்கவில்லை. ஒற்றைச் சக்கரத்துக்கான குட்டை போல்ட்டுகளைக் கிட்டோடு சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் 42, பின்னால் 16 பல் வைத்தால், சுற்றளவு 2.1 மீட்டர் உள்ள சக்கரம் பெடலின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 5.5 மீட்டர் நகரும். சமதளத்தில் அது சுகமாக இருந்தாலும், ஏற்றங்களில் முழங்கால் வலித்ததால், அகலமான சக்கரத்தை வாங்கும்போது 18 பல்லாகவே வாங்கினேன். இப்போது ஒரு சுற்றுக்கு 4.9 மீட்டர், செயினில் ஒரு கண்ணியைக்கூடச் சேர்க்க வேண்டியிருக்கவில்லை, அந்த வேறுபாட்டை டென்ஷனரே ஏற்றுக்கொண்டது.